ஏகாம்பரத்தின் மார்பெலும்பில் ஒரு வட்டம்

1. நுரையீரலில் கோபுரம்

நான் எக்ஸ்ரே டெக்னீஷியனாக வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள், ஒரு அம்மாளின் நுரையீரலில் கோபுரம் தெரிந்தது. ஒன்றல்ல. வரிசையாக இருபதுக்குக் குறையாது. இடது தோளில் தொடங்கிச் சரிவாக இறங்கி, வலது பக்க விலாவில் போய் முடிந்தன.

அறுபதுகளின் பின்பாதி அது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் பெயர் இங்கே வேண்டாம். முப்பது கட்டில், ஒரு டாக்டர், ஒரு எக்ஸ்ரே அறை, அந்த அறைக்கு நான். தினமும் பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து சைக்கிளில் வருவேன். மெட்ராஸில் படித்து வாங்கிய சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு டார்க் ரூமில் மாட்டியிருந்தேன். இருட்டறையில் மாட்டினால் யார் பார்ப்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

டாக்டர் சபாபதிக்கு என்னைவிட நான்கைந்து வயதுதான் அதிகம். மெட்ராஸ்காரர். கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர். காபியைக்கூட ஆறவிட மாட்டார். ஈரம் சொட்டும் அந்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"முனுசாமி, இது என்னய்யா? ரெண்டு லங்ஸ்லயும் முக்கோணம் முக்கோணமா இருக்கு. எந்த புக்லயும் நான் பார்த்ததில்லையே."

"சார், அது பார்டர்."

"என்ன பார்டர்?"

"பொடவ பார்டர் சார். கோபுர பார்டர்."

அந்த அம்மாள் ஒரு பட்டுக்கடை முதலாளியின் மனைவி. ஆஸ்பத்திரி கவுனைக் கொடுத்தபோது இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத்த எத்தினி பேரு போட்டுக்கினாங்களோ, எனக்கு வாணாம்பா" என்று திருப்பித் தந்துவிட்டார். துணிதானே, எக்ஸ்ரே ஊடுருவிப் போய்விடும் என்று நானும் விட்டுவிட்டேன். எங்கள் ஊர் ஜரிகையில் இருப்பது வெள்ளி. வெள்ளி எக்ஸ்ரேயை எளிதில் விடாது. தெருத்தெருவாகத் தறி ஓடும் ஊரில் வேலைக்கு வந்தவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னொரு படம் எடு. ஆனா இதைத் தூக்கிப் போட்டுடாதே. இவ்வளவு அழகான லங்ஸ் எனக்கு இனிமே கிடைக்காது" என்றார்.

அன்றிலிருந்து நான் கண்கொத்திப் பாம்பு ஆகிவிட்டேன். படத்தில் அந்நியமாக ஒரு புள்ளி தெரிந்தாலும் விட மாட்டேன். கொண்டையில் மறந்த ஊசி, தாலிக் கயிற்றில் கோத்த சேஃப்டி பின், இடுப்பு வெள்ளி அரைஞாண், சட்டைப் பையில் மறந்துபோன ஜரிகை நூல்கண்டு, சின்ன வயதில் கட்டி இன்னும் அவிழ்க்காத தாயத்து. எல்லாவற்றையும் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கதவில் ஒரு பலகை எழுதி மாட்டினேன்: 'நகை, தாயத்து, ருத்திராட்சம், அரைஞாண் அனைத்தையும் கழற்றவும்.' டாக்டர் என்னை 'சி.ஐ.டி. முனுசாமி' என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

எதையும் கழற்றச் சொல்லிப் பழகியவனுக்கு, கழற்ற முடியாத ஒன்றும் உடம்பில் இருக்கலாம் என்ற நினைப்பே வராமல் போய்விடும். எனக்கு வராமல்தான் போயிற்று.

2. நெல்லிக்காய் அளவு ருத்திராட்சம்

ஏகாம்பரம் பட்டு நெசவாளர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கோயில் பக்கத்துத் தெருவில் சொந்தத் தறி. அவர் குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை எறிய, பக்கத்தில் உட்கார்ந்து அவர் மனைவி தனபாக்கியம் பார்டர் நாடாவை எறிவார். உடம்பையும் பார்டரையும் தனித்தனி நூலில் நெய்து, நடுவில் கோத்துக்கொண்டே போகும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.

மூன்று மாதமாக ஏகாம்பரத்தால் தறியில் உட்கார முடியவில்லை. முகம் வெளுத்து எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. நாலு நாடா எறிந்தால் மூச்சு வாங்கியது. டாக்டர் இரும்புச் சத்து டானிக் கொடுத்துப் பார்த்தார். ஊசி போட்டுப் பார்த்தார். ரத்தம் ஏறவில்லை. நெஞ்சு நடுவில் இருக்கும் எலும்பை விரலால் தட்டியபோது ஏகாம்பரம் "ஸ்ஸ்" என்றார். டாக்டர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்பதுதான் அவருடைய பயம். தட்டினால் அந்த எலும்பு வலிப்பது அதற்கு ஓர் அடையாளம். உறுதி செய்ய எலும்புக்குள் ஊசி போட்டு மஜ்ஜை எடுக்க வேண்டும். அதற்கு முன் எலும்பை ஒரு படம் எடு என்று ஸ்லிப் எழுதி அனுப்பினார்: 'ஸ்டெர்னம், ஆப்ளிக்.'

ஸ்டெர்னம் என்பது மார்பெலும்பு; ஆப்ளிக் என்றால் சாய்த்து எடுப்பது. இளைய டெக்னீஷியன்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: இதைப் போல வம்புக்கார எலும்பு கிடையாது. நேராக எடுத்தால் முதுகெலும்பு மேல் விழுந்து மறைந்துபோகும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, இடது பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, சாய்த்து எடுக்க வேண்டும். அப்போதுதான் எலும்பு விலகி, இதயத்தின் நிழல் மேல் வந்து நிற்கும். அதோடு மூச்சை அடக்கச் சொல்லக் கூடாது. மெதுவாக விடச் சொல்லி, நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்தால் விலா எலும்புகள் அசைந்து கலங்கிவிடும், அசையாத மார்பெலும்பு தெளிவாக நிற்கும்.

அது பிறகு. முதலில் ருத்திராட்சம்.

ஏகாம்பரம் தீட்சை வாங்கியவர். நீண்ட சிவப்புக் கயிற்றில், பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரே ஒரு ருத்திராட்சம். நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும்.

"கழட்டுங்க ஐயா."

"அய்ய, அது மட்டும் ஆவாது சார். குளிக்கச்சொல்லவும் கழட்ட மாட்டேன்."

"குளிக்கிறப்போ கழட்டாதீங்க. இங்க கழட்டுங்க. போர்டுல போட்டிருக்குது பாருங்க."

"முதுகுப் பக்கம் தள்ளி வுட்டுக்கறேன்."

"அப்ப முதுகுல இருந்து படத்துல வரும். உள்ள எல்லாத்தையும் பாக்குற மிஷின் இது. ஏமாத்த முடியாது."

அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் தனபாக்கியம் வந்து நடுவில் நின்றார். குட்டையான பெண்மணி, குரல் மட்டும் பெரிது.

"தம்பி, எங்க வூட்டு வழக்கம் ஒண்ணு இருக்குது. இத்தத் தரையில வெக்கக்கூடாது, இரும்பு மேல வெக்கக்கூடாது. யாராச்சும் உள்ளங்கையில வெச்சிக்கினு நிக்கணும். நீ போயி உன் வேலையப் பாரு. நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொள்கிறோம் என்றால் கழற்றுகிறோம் என்று பொருளா, ஏமாற்றுகிறோம் என்று பொருளா? எனக்குச் சந்தேகம் இருந்தது. கேசட் என்ற தட்டைப் பெட்டியில் ஃபிலிம் போட டார்க் ரூமுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஏகாம்பரம் மேஜைமேல் குப்புறப் படுத்திருந்தார். ரத்தம் குறைந்த உடம்பு, குளிருகிறது என்று கழுத்துவரை துண்டால் போர்த்திக்கொண்டிருந்தார். தனபாக்கியம் வெளியே கதவருகே நின்றிருந்தார். நான் துண்டை விலக்கிப் பார்க்கவில்லை. கதவருகே நின்றவரின் கையையும் பார்க்கவில்லை. சி.ஐ.டி.க்கு அது தோன்றவில்லை.

"மூச்ச மெதுவா விடுங்க" என்றேன். ஏகாம்பரம் மூச்சை அடக்கிக்கொண்டார். எக்ஸ்ரே என்றால் மூச்சை அடக்க வேண்டும் என்று ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

"அடக்காதீங்க ஐயா, விடுங்க."

"விட்டா படம் ஆடிடாது?"

"ஆடணும். அதான் வேணும்."

"நீங்க சொல்றது ஒண்ணுமே சரியாவே இல்ல சார்" என்று முனகிவிட்டு மூச்சு விட்டார்.

டெவலப்பரில் ஃபிலிமை ஆட்டிக்கொண்டே சிவப்பு விளக்கில் பார்த்தேன். எலும்பு அழகாக வந்திருந்தது. அதன் கீழ்ப்பகுதியில், சரியாக நடுவில், ஒரு வட்டம். வெள்ளையாக மெல்லிய விளிம்பு, உள்ளே கறுப்பு. பட்டாணி அளவு இருக்கும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளை விளிம்பு மணி, கறுப்பு நூல் கோக்கும் ஓட்டை. மாட்டிக்கொண்டார் மனிதர்!

ஃபிக்சர், தண்ணீர் எல்லாம் முடித்து ஈரப் படத்தோடு வெளியே வந்தேன். ஏகாம்பரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ருத்திராட்சம் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கழட்டவே இல்ல போலிருக்குதே ஐயா?"

"கழட்டினேன் சார். இப்பதான் போட்டேன்."

"படம் வேற சொல்லுதே."

"படம் இன்னா சொல்லுதோ எனக்குத் தெரியாது. நான் கழட்டினேன்."

"சிவபெருமான் கோச்சுப்பாருன்னு பயந்து உள்ளயே மறைச்சி வெச்சிக்கினீங்க. பரவாயில்ல. உங்க எலும்பு நல்லாத் தெரியுது."

பெஞ்சில் இருந்த மற்ற நோயாளிகள் சிரித்தார்கள். ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். தனபாக்கியம் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் நான் டாக்டர் அறைக்கு நடந்துவிட்டேன்.

ஃபிலிம் விலை அதிகம், இன்னொன்று எடுக்கவில்லை. கவரின்மேல் என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'வட்ட நிழல்: ருத்திராட்சம்.' டாக்டர் அதைப் படித்துவிட்டு, "சி.ஐ.டி. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தலையாட்டினார்.

3. ஊதா மையில் ஒரு புள்ளி

மஜ்ஜை ஊசியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தடிமனான குட்டை ஊசி. நடுவில் ஒரு கார்டு, அதாவது குறிப்பிட்ட ஆழத்துக்குமேல் போகாமல் தடுக்கும் வளையம். மார்பெலும்பு மெல்லிய எலும்பு. முன்பக்கத் தகட்டைத் துளைத்துப் பஞ்சு போன்ற உள்பகுதியில் நிற்க வேண்டும். பின்பக்கத் தகட்டையும் தாண்டினால் அங்கே இருப்பது இதயம்.

புதன்கிழமை முதல் முயற்சி. டாக்டர் மேலே, இரண்டாவது விலா எலும்பு வந்து சேரும் இடத்தில் போட்டார். ஒன்றும் வரவில்லை. ட்ரை டாப் என்பார்கள். ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாராம். அன்று நான் அங்கே இல்லை.

வியாழன் காலை டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"முனுசாமி, அந்த ஸ்டெர்னம் படத்தை எடுத்துட்டு வா. மேல வரல. இன்னிக்குக் கீழ போறேன்."

சின்ன அறை. ஏகாம்பரம் மல்லாக்கப் படுத்திருந்தார். படத்தை வியூ பாக்ஸில் மாட்டி விளக்கைப் போட்டேன். டாக்டர் விரலால் எலும்பைத் தடவிக்கொண்டே கீழே இறங்கி, ஓர் இடத்தில் நிறுத்தி, ஊதா மையால் ஒரு புள்ளி வைத்தார். தோல் மட்டும் மரத்துப்போக மெல்லிய ஊசி ஒன்று போட்டார். புத்தகம் அவ்வளவு கீழே போகச் சொல்லவில்லை என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அன்று அவருக்கும் பதற்றம். ஒவ்வொரு நாளும் ஏகாம்பரத்தின் முகம் இன்னும் வெளுத்துக்கொண்டிருந்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு தனபாக்கியம் உள்ளே வந்தார். உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டே வந்தார். கையில் ருத்திராட்சம்.

"டாக்டர் ஐயா, நான் இங்கியே ஓரமா நின்னுக்கட்டுமா? நேத்து வெளிய நிக்கச்சொல்ல எல்லாரும் இடிச்சிட்டுப் போனாங்கோ. கீழ வுழுந்துடுமோன்னு உசிரே போச்சி."

"நில்லுங்கம்மா. ஆனா பேசக்கூடாது."

"நான் எதுக்குப் பேசறேன்? அன்னிக்கு இந்தத் தம்பி படம் எடுக்கச்சொல்லவும் கதவாண்ட இப்டிதான் வெச்சிக்கினு நின்னேன். வாயத் தொறந்தனா?" என்றார், என்னைப் பார்த்து.

நான் அவர் கையைப் பார்த்தேன். பெரிய நெல்லிக்காய். வியூ பாக்ஸைப் பார்த்தேன். பட்டாணி.

எங்கள் தொழிலில் முதல் பாடம் இது. எக்ஸ்ரே எதையும் உள்ளதைவிடக் கொஞ்சம் பெரிதாகக் காட்டும். ஒருபோதும் சிறிதாகக் காட்டாது. நெல்லிக்காய் படத்தில் நெல்லிக்காயாக வரும், எலுமிச்சையாகக்கூட வரும். பட்டாணியாக வரவே வராது. சர்டிபிகேட் வாங்கியவனுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்று டார்க் ரூமில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மனிதர் மாட்டிக்கொண்டார் என்பது மட்டும்தான்.

"அம்மா, அன்னிக்கு இது உங்க கையிலயா இருந்துச்சி?"

"பின்ன? உன் கையிலயா இருந்துச்சி?"

அப்படியானால் அந்த வட்டம் எலும்பில் இருக்கிறது. அது மணியின் ஓட்டை அல்ல, எலும்பின் ஓட்டை. டாக்டர் வைத்த ஊதாப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அந்த வட்டத்தின் உயரத்திலேயே இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். உடனே வாய் வரவில்லை. என் வாயால் பெஞ்சில் இருந்த அத்தனை பேர் முன்னால் ஒரு மனிதரைப் பொய்யர் ஆக்கியிருந்தேன். என் கையெழுத்தில் கவரில் எழுதியிருந்தேன். இப்போது இரண்டையும் நானே விழுங்க வேண்டும். டாக்டர் மஜ்ஜை ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். அந்த இரண்டு மூன்று விநாடிகளை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"சார், நிறுத்துங்க!"

நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. டாக்டர் கை அந்தரத்தில் நின்றது.

"என்னய்யா?"

"அது ருத்திராட்சம் இல்ல சார். நான் தப்பா எழுதிட்டேன். அவரு அன்னிக்குக் கழட்டிட்டாரு. அது எலும்புல இருக்குற ஓட்டை."

 டாக்டர் ஊசியை ட்ரேயில் வைத்தார். வியூ பாக்ஸ் அருகே போனார். மேலிருந்து வட்டம்வரை படத்தில் விரலால் அளந்தார். திரும்பி வந்து ஏகாம்பரத்தின் நெஞ்சில் அதே மாதிரி அளந்தார். ஊதாப் புள்ளிக்கும் வட்டத்துக்கும் அரை விரல் வித்தியாசம்கூட இல்லை. கையுறையைக் கழற்றி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காபியை ஆறவிடாத மனிதர் வேலைக்கு நடுவில் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"சார், இன்னா ஆச்சி? ஊசி போட்டாச்சா?" என்று ஏகாம்பரம் கண்ணை மூடியபடியே கேட்டார்.

"போடலை. நல்லவேளை" என்றார் டாக்டர்.

4. ஒரு முடிச்சு விட்டுப்போனது

உடனே இன்னொரு படம் எடுத்தேன். இந்த முறை துண்டை விலக்கி, கழுத்தைப் பார்த்து, தனபாக்கியத்தின் கையையும் பார்த்துவிட்டு எடுத்தேன். அதே இடத்தில் அதே வட்டம். ஏகாம்பரத்தின் மார்பெலும்பில் பிறவியிலேயே ஓட்டை இருந்தது.

டாக்டர் அவர்களை உட்காரவைத்து விளக்கினார். நான் ஓரமாக நின்று கேட்டேன். தாய் வயிற்றில் இருக்கும்போது இந்த எலும்பு ஒரே துண்டாக இருப்பதில்லையாம். இடது பக்கம் ஒரு பட்டை, வலது பக்கம் ஒரு பட்டை. இரண்டும் மெல்ல நெருங்கி வந்து நடுவில் சேர்கின்றன. சிலருக்கு ஏதாவது ஓர் இடத்தில் முழுதாகச் சேராமல் ஓட்டை விழுந்துவிடுகிறது.

ஏகாம்பரம் யோசித்தார். "கோர்வையில ஒரு முடிச்சி விட்டுப்போன மாதிரியா?"

"அதேதான்."

"நெய்தவரு அவசரத்துல விட்டுட்டாரு. நம்மாலயும் ஆவறதுதான்" என்று ஏகாம்பரம் பெருந்தன்மையாகச் சொன்னார். "அதால உடம்புக்குக் கெடுதலா?"

"ஒரு கெடுதலும் இல்ல. நூறு வயசு இருக்கலாம். ஆனா அந்த இடத்துல யாரும் ஊசி போடக்கூடாது. தடுக்கிறதுக்கு எலும்பு இல்ல, நேரா இதயம். கார்டு தடுத்திருக்குமான்னா எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் விருப்பமில்ல." பிறகு பழைய சிரிப்பு கொஞ்சம் திரும்பி வந்தது. "இது தெரியாம எவனாவது வெறும் எலும்பைப் பார்த்தான்னா, துப்பாக்கிக் குண்டு பாய்ஞ்ச ஓட்டைன்னு கேஸ் எழுதுவான்."

"என்னையா? சுடுறதுக்கு என்ன காரணம்னு எழுதுவாங்கோ?"

"உங்களச் சுடற அளவுக்குக் கோவம் இருக்குறது எனக்குதான்" என்றார் தனபாக்கியம். ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

மறுநாள் மஜ்ஜையை இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். வந்தது. ஸ்லைடு மெட்ராஸுக்குப் போனது. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. புற்றுநோய் இல்லை. வைட்டமின் குறைவால் வரும் ரத்தசோகை. மாமிசம் தொடாத, பாலும் அதிகம் சேர்க்காத குடும்பம். இரும்புச் சத்தால் அது தீராது. பி-டுவெல்வ் ஊசி போடப் போட முகத்தில் நிறம் ஏறியது. அந்த மருந்து நல்ல சிவப்பு. சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஏகாம்பரம் நர்ஸிடம், "அரக்குக் கலரு. சாயம் போவாது இல்ல?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். எலும்பு ஏன் வலித்தது என்று டாக்டர் கேட்டதற்கு, "நீங்க அந்தத் தட்டு தட்டினா யாருக்குதான் வலிக்காது?" என்றார்.

இதற்குப் பிறகு டாக்டருக்கும் எனக்கும் மார்பெலும்பின்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. எத்தனை விதம்! சிலருக்கு உள்ளே குழிந்திருக்கும், சிலருக்குப் புறா மார்பு மாதிரி முன்னே தள்ளியிருக்கும். தாமல் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி, நெஞ்சுக்குழியில் கல் மாதிரி கட்டி இருக்கிறது, எனக்குக் கேன்சர் என்று நிலத்தையெல்லாம் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதத் தயாராகி வந்தார். தொட்டுப் பார்த்தால் மார்பெலும்பின் வால் முனை. எல்லோருக்கும் ஒற்றையாக உள்ளே மடங்கியிருப்பது அவருக்கு இரண்டாகப் பிளந்து முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. உடம்பு இளைத்ததும் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. கத்தி வைத்திருந்தால் எலும்பைத்தான் அறுத்திருப்பார்கள். படம் எடுத்துக் காட்டி அனுப்பினோம். பிள்ளைகளுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

ஏகாம்பரத்துக்குக் கடைசி ஊசி போட்ட அன்று டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"எழுது. உன் கையாலதான் எழுதணும். கவர்ல அவ்வளவு அழகா எழுதினியே."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'இதை வைத்திருப்பவரின் மார்பெலும்பின் கீழ்ப்பகுதியில் பிறவி ஓட்டை உள்ளது. அங்கே எந்த ஊசியும் குத்தக் கூடாது.' டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஏகாம்பரம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அதில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். என்ன வரி என்று சொன்னார். நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர், "எழுதுய்யா. அதுவும் மெடிக்கல் அட்வைஸ்தான்" என்றார். எழுதினேன்.

5. வெள்ளிக் குழாய்

ஏழெட்டு வருடம் போயிற்று. டாக்டர் சபாபதி மெட்ராஸுக்கே போய்விட்டார். புது மிஷின் வந்தது. நான் சீனியர் ஆகிவிட்டேன். கதவில் இருந்த பலகை மட்டும் அதே பலகை.

ஒரு நாள் காலை ஏகாம்பரம் வந்தார். ஒரு மாத இருமல், செஸ்ட் படம் எடுக்கப் புது டாக்டர் எழுதியிருந்தார். நன்றாகச் சதை போட்டிருந்தார். ருத்திராட்சம் அதே சிவப்புக் கயிற்றில். அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வெள்ளிக் குழாய்த் தாயத்து, சுண்டு விரல் பருமன்.

பார்த்ததும் எனக்குள் இருந்த பழைய சி.ஐ.டி. எழுந்துவிட்டான்.

"ஐயா, ருத்திராட்சத்தக் கழட்டுவீங்க, தெரியும். இது எப்பத்திலேர்ந்து? வெள்ளி வேற. எலும்புக்கு நடுவுல பளிச்சினு வுழும். முதல்ல அதக் கழட்டுங்க."

"கழட்டறேன் சார். இங்க இத்தக் கழட்டச் சொல்லுவீங்கன்னுதான் இதுல போட்டேன்."

"எதை?"

குழாயின் மூடியைத் திருகித் திறந்து, உள்ளேயிருந்து சுருட்டிய ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். மடித்த இடமெல்லாம் பழுப்பேறி நைந்திருந்தது. "எங்க ஊசி போடப் போனாலும் முதல்ல கழுத்துல இருக்குறதத்தான் கழட்டச் சொல்றாங்கோ. கையில குடுத்தா படிச்சிடுவாங்க இல்ல? ஐடியா இவளுது" என்றார். கதவருகே உள்ளங்கையை விரித்துக்கொண்டு தனபாக்கியம் தயாராக நின்றிருந்தார்.

மிஷின்மேல் இருந்த விளக்கைப் போட்டுப் படித்தேன். என் கையெழுத்து. முதல் இரண்டு வரி மருத்துவம். மூன்றாவது வரியை எழுதியது மறந்தே போயிருந்தது. அதைப் படித்ததும் அந்தப் பெஞ்சும், அன்று சிரித்தவர்களும், தலையைக் குனிந்துகொண்ட இந்த மனிதரும் கண் முன்னே வந்து நின்றார்கள். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். "அதான் எழுதிக் குடுத்துட்டீங்களே சார்" என்று சொல்லிவிட்டு அவர் மேஜைப் பக்கம் நடந்தார்.

அந்த மூன்றாவது வரி இது: 'இவர் கழற்றிவிட்டேன் என்று சொன்னால் நம்பவும்.'